டியூ கட்டி ஓட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்: இந்த லாரியை வாங்கலாமா?

சங்ககிரிப் பக்கமிருந்து ஒரு டிரைவர் தம்பி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் வண்டி எண்ணும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். வயது 41. பதினாறு வருடமாக அடுத்தவர் லாரியில் ஸ்டியரிங் பிடிக்கிறார். போகும்போது சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம், வரும்போது நாசிக் வெங்காயம். இனிமேல் ஓனர் கம் டிரைவராக, சொந்தமாக ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி ஓட்ட வேண்டும் என்பது ஆசை. கையில் 6 லட்சம் சேமிப்பு இருக்கிறது. மனைவி தன் நகையை அடகு வைத்து இன்னும் 2 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்று வண்டிகள் பார்த்திருக்கிறார். முதலாவது, புரோக்கர் காட்டிய 2018 மாடல் பி.எஸ். 4 லேலண்ட் (பி.எஸ். என்பது புகை மாசுக்கான அரசு வரம்பு, எண் கூடினால் வரம்பு கடுமை). விலை 15 லட்சம், அதில் 7 லட்சம் ஃபைனான்ஸில் பாக்கி. “எனக்கு 8 லட்சம் கொடுங்கள், மீதி டியூவை என் பெயரிலேயே கட்டி ஓட்டுங்கள், கட்டி முடித்ததும் பெயர் மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார் விற்பவர். முத்திரைத்தாளில் அக்ரிமென்ட் போட்டு, ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்தும் போட்டுத் தருவாராம். இரண்டாவது, டியூ கட்டாததால் ஃபைனான்ஸ் கம்பெனி சீஸ் செய்து (பிடித்து) யார்டில் நிறுத்தியிருக்கும் 2021 மாடல் பி.எஸ். 6 டாடா. விலை 19 லட்சம், 15 லட்சம் கடன் அவர்களே “9 சதவீத வட்டி”க்குத் தருகிறார்கள். மூன்றாவது, இப்போது இவர் ஓட்டிக்கொண்டிருக்கும் முதலாளியின் 2014 மாடல் பி.எஸ். 3 வண்டி. முதலாளி டிரெய்லருக்கு மாறுவதால் 9 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். “அது பழைய வண்டி, அதை எடுத்தால் பட்டறையிலேயே குடியிருக்க வேண்டும் என்று மச்சான் சொல்கிறார், நானும் அதை விட்டுவிட்டேன்” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். முதல் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவது என் தொழில். சில வருடங்களுக்கு முன் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் போன வண்டியின் பின்புறம் மோதிய ஒரு லாரியைப் பார்க்கப் போனேன். கேபின் டேஷ்போர்டு வரை நசுங்கியிருந்தது. நல்லவேளை, டிரைவர் கால் முறிவோடு தப்பிவிட்டார். அவர்தான் வண்டியை வாங்கியவர். உங்களுக்குச் சொன்ன அதே முறையில், டியூ கட்டி ஓட்டிக்கொள்கிறேன் என்று அக்ரிமென்ட் போட்டு வாங்கியிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். பதினான்கு மாத டியூ ரசீதுகள், தேதி வாரியாக, ஒன்றுகூடத் தவறாமல். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யும் இன்சூரன்ஸ் பாலிசியும் பழைய ஓனர் பெயரில் இருந்தன. சேதத்தை நான் ஒழுங்காகக் கணக்குப் போட்டுத்தான் கொடுத்தேன், ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. பாலிசி வைத்திருப்பவர் வண்டியை விற்றுவிட்டார், அவருக்கு நஷ்டம் இல்லை. நஷ்டப்பட்டவர் பெயரில் பாலிசி இல்லை. அந்த ரசீதுகளை அவர் என் கையில் கொடுத்து “பாருங்க சார், ஒண்ணுகூட நிக்கலை” என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இதில் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கானது) மட்டும்தான் மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி வாங்கியவருக்குத் தானாக வரும். பாலிசியில் பெயரை மாற்றச் சொல்லி 14 நாளுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாதுகாப்பு தானாக வராது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. “வண்டியோடு இன்சூரன்ஸும் எட்டு மாதத்துக்கு இருக்கிறது” என்று நீங்கள் எழுதியிருப்பது பாதிதான் சரி. கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக விற்பவர் சேர்த்து வைத்திருக்கும் பிரீமியம் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் அவருடையதுதான், உங்களுக்கு வராது.

அடுத்தது கடன். ஃபைனான்ஸ் பெயர் ஆர்.சி.யில் இருக்கும்வரை, அவர்களுடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற முடியாது. கையில் இருக்கும் 29, 30 படிவங்களால் அந்தச் சம்மதத்தை வாங்க முடியாது. விற்பவர் அதே கம்பெனியில் வேறு கடன் வாங்கி அதைக் கட்டாமல் விட்டால், நீங்கள் இந்த வண்டியின் டியூவை முழுக்கக் கட்டிய பிறகும் தடையில்லாச் சான்று தராமல் இழுத்தடிப்பார்கள். நடுவில் அவர் இறந்துபோனால் வாரிசுகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க அலைய வேண்டும். டியூ ஒரு மாதம் தவறினால் வண்டியை எடுத்துப் போவார்கள். கேட்க உங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது, அவர்கள் கணக்கில் நீங்கள் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர்.

விற்பவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது, அதை அவரிடமே சொல்லுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விஷயம் புரிந்தால் பல ஓனர்கள் தாங்களே பெயர் மாற்ற அவசரப்படுவார்கள். அப்போதும் இவர் மழுப்பினால், வேறு ஏதோ சிக்கல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியை நேர்வழியில் வாங்க ஒரு வழி உண்டு. மூன்று பேரும் ஃபைனான்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து, 7 லட்சம் பாக்கியை உங்கள் பணத்திலிருந்து நேராக அவர்கள் கணக்கில் கட்டுங்கள். கடன் முடிந்த சான்றும், ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை எடுப்பதற்கான கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்குங்கள். மீதிப் பணத்தை ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்கும் அன்று கொடுங்கள். இல்லாவிட்டால் அதே கம்பெனியில் உங்கள் பெயரில் புதுக்கடன் போட்டு, பழையதை அடைக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒத்துக்கொண்டால் லேலண்ட் நல்ல வண்டிதான். பி.எஸ். 4 காலத்தில் லேலண்ட், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் ஐ.இ.ஜி.ஆர். முறையில் வந்ததால், புகை மாசைக் குறைக்க ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலை ஊற்றும் வேலையே கிடையாது. சாலையோர மெக்கானிக்குக்கும் பழக்கப்பட்ட இன்ஜின்.

யார்டில் நிற்கும் புது மாடல்

“2021 மாடல், அதனால் நம்பிக்கையான வண்டி” என்ற உங்கள் கணிப்பில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. டியூ கட்ட முடியாமல் போன ஓனர், அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஆயில் மாற்றுவதையும் கிரீஸ் அடிப்பதையும் தள்ளிப்போட்டிருப்பார். கிடைக்கிற லோடையெல்லாம் அளவுக்கு மேல் ஏற்றியிருப்பார். அதன்பின் வண்டி மாதக்கணக்கில் வெயிலில் நின்றிருக்கிறது. பேட்டரி போயிருக்கும். ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர்கள் தட்டையாகியிருக்கும். ஓடாமல் கிடந்த ஆட்ப்ளூ லைனில் உப்பு படிவதுபோல யூரியா உறைந்து அடைத்திருக்கும். பி.எஸ். 6 வண்டியில் அந்த ஒரு கோளாறு போதும், சோலாப்பூர் தாண்டி இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். ஸ்பேனரால் தீராது, கம்ப்யூட்டர் கொண்டுவந்து பார்க்க வேண்டும். சிலர் ஆட்ப்ளூ செலவை மிச்சம் பிடிக்க ஏமாற்றுக் கருவி மாட்டுகிறார்கள். சைலன்சருக்குள் இருக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்காக அதையே கழற்றி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். வாங்குவதாக இருந்தால், சேசிஸ் எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழைய வரலாற்றை எடுங்கள். முழு ஸ்கேன் செய்யக் கம்பெனி சம்மதிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

பேப்பரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சீஸ் வண்டியை விற்கும் கம்பெனி, முதலில் படிவம் 36 கொடுத்து ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஓனரின் காலாண்டு வரிப் பாக்கி, இ-சலான், யார்டு வாடகை யார் தலையில் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் அந்த “9 சதவீத வட்டி”. அது பிளாட் வட்டி, தம்பி. 15 லட்சத்துக்கு நான்கு வருடம் 9 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம், மாத டியூ 42,500. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு 15 லட்சத்துக்கும் கடைசிவரை வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி சுமார் 16 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் வரும் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த வருட வட்டி விகிதத்தோடு ‘முக்கிய விவரக் குறிப்பு’ ஒன்றை, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எந்தக் கம்பெனியானாலும் கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் ஒதுக்கிவிட்ட வண்டி

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: “2022-இல் இன்ஜின் இறக்கியபோது நான்தான் நான்கு நாளும் பட்டறையில் கூடவே இருந்தேன், ஸ்லீவ், பிஸ்டன், பேரிங் எல்லாம் புதுசு.” இதைப் படித்துவிட்டு நிறுத்தி இன்னொரு தடவை படித்தேன். பழைய வண்டி வாங்க வருகிற எல்லோரும் எந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள முடியாமல் தவிக்கிறார்களோ, அது உங்கள் கையில் இருக்கிறது. அந்த வண்டியை ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறீர்கள். எந்த மேட்டில் திணறும், எந்தப் பக்கம் பிரேக் இழுக்கும், லோடில் எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். உங்கள் கண் முன்னால் இன்ஜின் வேலை பார்த்த 2014 வண்டியையும், மீட்டரைத் திருப்பினார்களா இல்லையா என்றே தெரியாத 2018 வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், முன்னதைத்தான் நம்பிக்கையான வண்டி என்று நான் சொல்வேன். மாடல் வருடம் விற்கும்போதுதான் பேசும்.

அதில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (ஓடத் தகுதியானது என்ற சான்று) ஆண்டுக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் பட்டறைச் செலவு உண்டு. இரண்டு அச்சுக்கு மேற்பட்ட வண்டிக்கு நேஷனல் பெர்மிட் 15 வயது வரைதான் கிடைக்கும், அதனால் 2029-க்குப் பிறகு இந்த வண்டி மாநிலத்துக்குள் ஓடும் வண்டிதான். விற்றாலும் பெரிய விலை வராது. டெல்லி லோடு இதற்கு ஒத்துவராது. 2025 நவம்பர் முதல் வெளிமாநிலப் பி.எஸ். 3 சரக்கு வண்டிகளை அங்கே விடுவதில்லை, பி.எஸ். 4-க்கும் 2026 அக்டோபர் கடைசி வரைதான் அவகாசம். உங்கள் லைன் மகாராஷ்டிரம் என்பதால் இது பெரிதாகப் பாதிக்காது. ஆகவே இதைப் பெயர்மாற்றத்திலிருந்து மூன்று மூன்றரை வருடம் சம்பாதித்துக் கொடுக்கும் வண்டி என்று எண்ணி விலை பேசுங்கள். ஒன்பது லட்சம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

9 லட்சமே ஆனாலும் கணக்கைப் பாருங்கள். உங்கள் பணம் 4 லட்சம், கடன் 5 லட்சம். அதே 9 சதவீத பிளாட் வட்டிக்கு மூன்று வருடம் என்றால் மாதம் 17,600-ஐ ஒட்டி வரும். பழைய வண்டி என்று வட்டியைக் கூட்டிக் கேட்பார்கள், அப்போதும் 42,500-க்குப் பக்கத்தில்கூடப் போகாது. கையில் 2 லட்சம் மிச்சம் நிற்கும். அந்த 2 லட்சம்தான் ஓனர் கம் டிரைவரைக் காப்பாற்றும். வெங்காயம் தேங்கி நாசிக்கில் பத்து நாள் நின்றாலும், கியர்பாக்ஸ் வேலை வந்தாலும், வாடகை நாற்பது நாள் கழித்து வந்தாலும் டியூ தேதி மாறாது. முதல் வண்டிக்கு நகை உட்பட மொத்தம் 8 லட்சத்தையும் கொடுத்துவிட்டு, டீசல் போடக் காசில்லாமல் முதல் லோடு ஏற்றப் போகிறீர்களா? நகையைத் தொடாதீர்கள்.

எந்த வண்டியானாலும் கண்ணால் பார்க்க வேண்டியவை

பதினாறு வருடம் ஓட்டியவருக்கு இன்ஜின் பாடம் வேண்டாம். விடிகாலையில், முந்தைய இரவிலிருந்து ஓடாத வண்டியின் இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பி வாயின்மேல் சும்மா வையுங்கள். புகையோடு அது துள்ளி விழுந்தால் ரிங் தேய்ந்த இன்ஜின். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். டிரைவர்கள் பார்க்க மறப்பது சேசிஸை. வண்டிக்கு அடியில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து முன்னிருந்து பின்வரை ஒரு மணி நேரம் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனி ரிவிட்டும், அதற்கு நேர் எதிரே போல்ட் நட்டும் இருந்தால் அந்த இடம் ஒருமுறை பிரிந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டை தாங்கி நிற்கும் பிராக்கெட்டைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் கீழே வெல்டிங் இருக்கும், சுரண்டிப் பாருங்கள். பிறகு தரையில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் வண்டியை நேராக ஓட்டச் சொல்லிச் சக்கரத் தடத்தைக் கவனியுங்கள். முன் சக்கரத் தடத்திலிருந்து பின்தடம் ஒரு பக்கமாக ஒதுங்கினால், அடிபட்டு வளைந்த வண்டி. அது டயரைத் தின்றே உங்களைக் கடனாளி ஆக்கும்.

சேசிஸ் எண்ணின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். முன் சக்கரத்தில் ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஒட்டியது) இருந்தால் அதை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். மைலேஜை வாய் வார்த்தையில் நம்பாமல், டேங்க் நிரப்பி லோடில் ஓட்டி மறுபடி நிரப்பிப் பாருங்கள். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 4 தரும் வண்டிக்கும் 3.5 தரும் வண்டிக்கும் 285 லிட்டர் வித்தியாசம். டீசல் 92 ரூபாய் என்றால் மாதம் 26,000 ரூபாய்.

அதோடு அரசின் பரிவாகன் இணையதளத்தில் வரி, எஃப்.சி., பெர்மிட், ஃபைனான்ஸ், சலான் எல்லாவற்றையும் பாருங்கள். அங்கே தெரியாமல் போகக்கூடிய ஒன்றும் உண்டு. ஆற்று மணல், குட்கா கடத்தல் வழக்குகளில் பிடிபட்ட வண்டியை, விற்க மாட்டேன் என்று கோர்ட்டில் பாண்டு எழுதிக் கொடுத்து இடைக்காலமாக வெளியே எடுத்திருப்பார்கள். அதை வாங்கினால் வழக்கோடு சேர்த்து வாங்குகிறீர்கள். வழக்கு எதுவும் இல்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்குவதோடு, வழக்கறிஞர் ஒருவரை வைத்து நீதிமன்றத் தளத்தில் அவர் பெயரையும் தேடச் சொல்லுங்கள்.

பாலிசி எடுக்கும்போது

உங்கள் பெயரில் ஆர்.சி. மாற விண்ணப்பித்த உடனே பாலிசியையும் மாற்றுங்கள். 20 முதல் 40 டன் வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் முதல் 43,950 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இதில் பேரம் கிடையாது. பேரம் பேசுவதெல்லாம் சொந்த சேதப் பகுதியில்தான், அங்கேதான் ஏஜெண்டுகள் பிரீமியம் குறைக்கிறேன் என்று வண்டி மதிப்பைக் குறைத்துப் போடுவார்கள். வண்டி முழுசாகப் போனால் அந்த மதிப்புதான் வரும், கடன் பாக்கி அதைவிட அதிகம் என்றால் இல்லாத வண்டிக்கு டியூ கட்டுவீர்கள். ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பாதுகாப்பைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் லைட், பம்பர், மட்கார்டு, டயர் சேதத்துக்குக் காசு வராது. மாதத்தில் பாதி கிளெய்மில் இதைச் சொல்லி அனுப்பும் வேலை எனக்கு. வண்டியை நீங்களே ஓட்டுவதால் ஓனர் டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு பாலிசியில் கட்டாயம் இருக்க வேண்டும், நாமினியாக மனைவி பெயரைப் போடுங்கள். பழைய ஓனரின் ஃபாஸ்டேகை மூடச் சொல்லி, உங்கள் பெயரில் புதிது ஒட்டுங்கள்.

முதலாளியிடம் பேசப் போகும்போது இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். கடன் என்றோ முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயரை எடுத்தாரா என்று பாருங்கள், பல ஓனர்கள் கடைசி டியூவோடு மறந்துவிடுவார்கள். எஃப்.சி. எந்த மாதம் முடிகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் முடிவதாக இருந்தால், எஃப்.சி. எடுத்துக் கொடுத்து 9 லட்சமா, இப்படியே எடுத்துக்கொண்டால் எவ்வளவு என்று இரண்டு விலையாகக் கேளுங்கள். ஐந்து வருடம் அவருக்கு ஓட்டியவர் நீங்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.